அனிமேஷன் மென்பொருள் கற்கப் புத்தகம் வாங்குமுன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேஜையில் ஒரு புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு பிளெண்டர், மாயா என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருள்களில் ஒன்றைக் கற்க நினைப்பவர்களுக்காக எழுதியது இது. கடையில் நின்றபடியே பக்கங்களைப் படமெடுத்து அனுப்பி, "சார், இதை வாங்கலாமா?" என்று மாணவர்கள் கேட்டவைதான் பெரும்பாலான கேள்விகள். நான் பாடம் எடுப்பது இந்த இரண்டு மென்பொருள்களில் என்பதால் எடுத்துக்காட்டுகளும் அவற்றிலிருந்தே. புத்தகங்களின் பெயர்ப் பட்டியல் கிடையாது. கொடுத்தாலும் மென்பொருளின் அடுத்த பதிப்பு வந்ததும் அது உதவாது.

யூடியூபில் எல்லாமே இலவசமாகக் கிடைக்கும்போது புத்தகம் எதற்கு?

எல்லாவற்றுக்கும் வேண்டாம். களிமண்போல உருவத்தைப் பிசையும் ஸ்கல்ப்டிங் பிரஷ்ஷை எவ்வளவு அழுத்தி இழுப்பது, தோள்பட்டையில் வெயிட் பெயிண்ட் (எந்த எலும்பு உடலின் எந்தப் பகுதியை எவ்வளவு இழுக்கும் என்று தீட்டுவது) செய்யும்போது கை எப்படிப் போகிறது என்பதையெல்லாம் அச்சில் காட்ட முடியாது. அதற்கு வீடியோதான். ஆனால் அசைவை வளைவுகளாகக் காட்டும் கிராஃப் எடிட்டரில் ஒரு வளைவு ஏன் அப்படி வளைகிறது, ஒரு ரிக்கில், அதாவது பாத்திரத்தை அசைக்கும் எலும்புக்கூட்டில், எந்த போன் (எலும்பு) எதன் பேச்சைக் கேட்கிறது என்பவை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டியவை. வீடியோவில் அதை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி நிறுத்தியே பொழுது போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. வீடியோ போடுபவர் தன் திரையில் பிழை வந்தால் அந்த இடத்தை வெட்டிவிடுவார். நல்ல நூலாசிரியர் அதே பிழைக்கு ஒரு பத்தி ஒதுக்குவார். எந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் தேடுவது அந்தப் பத்தியைத்தான்: "இப்படி வராவிட்டால் காரணம் இதுவாக இருக்கலாம்" என்று தொடங்கும் பத்தி. நூறு பக்கம் புரட்டியும் அப்படி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லையென்றால் திருப்பி வைத்துவிடலாம்.

அட்டையில் "புத்தம் புதிய பதிப்பு" என்று போட்டிருக்கிறதே?

அட்டையை விடுங்கள். பதிப்பு விவரப் பக்கத்தில் மறுஅச்சு என்று இருக்கிறதா, திருத்திய பதிப்பு என்று இருக்கிறதா என்று பாருங்கள். மறுஅச்சு என்றால் தேதி மட்டும்தான் புதிது. திருத்திய பதிப்பிலும் ஒரு வேலை நடப்பதுண்டு: அட்டையும் முதல் இரண்டு அத்தியாயங்களும் புதிதாக இருக்கும், நடுவில் உள்ள ஸ்கிரீன்ஷாட்கள் எல்லாம் பழையவை. அதனால் நடுப்பக்கங்களைப் பார்த்துத்தான் வயதைச் சொல்ல வேண்டும்.

பிளெண்டர் நூலில், பொருளைத் தேர்ந்தெடுக்க மவுஸின் வலது பொத்தானை அழுத்தச் சொன்னால் அது 2.8-க்கு முந்தையது. 2019 ஜூலையில் வந்த 2.8-தான் இடது பொத்தானை இயல்பாக்கியது. லேயர்கள் இருபது சின்னக் கட்டங்களாகத் தெரிந்தாலோ, ரெண்டர் எஞ்சின் (காட்சியை இறுதிப் படமாக்கும் பகுதி) பட்டியலில் "பிளெண்டர் ரெண்டர்" என்று இருந்தாலோ அதுவும் அந்தக் காலத்துச் சரக்கே. லேயர்கள் போய் கலெக்‌ஷன்கள் வந்தன, பழைய ரெண்டர் எஞ்சின் போய் ஈவி வந்தது. போன் லேயர் பற்றிப் பேசினால் 2023 நவம்பரில் வந்த 4.0-க்கு முன்பு எழுதியது. மெஷ் பண்புகளில் "ஆட்டோ ஸ்மூத்" பெட்டியில் டிக் போடச் சொன்னால் 4.1-க்கு முன்பு. ஈவி அமைப்புகளில் "புளூம்" டிக் இருந்தால் 4.2-க்கு முன்பு.

மாயாவில் இன்னும் சுலபம். மெனு பட்டியலில் "பாலிகன்ஸ்", "சர்ஃபேசஸ்" என்று இரண்டு தனித்தனியாக இருந்தால் 2015 பதிப்போ அதற்கும் முந்தையதோ. 2016-இல் இரண்டும் "மாடலிங்" என்று ஒன்றாகிவிட்டன. ரெண்டர் அத்தியாயம் மென்டல் ரே பற்றியது என்றால் 2017-க்கு முந்தையது. அந்தப் பதிப்பிலிருந்து மாயாவோடு வருவது ஆர்னால்ட். ஸ்கிரிப்ட் அத்தியாயத்தில் பைத்தானின் பிரின்ட் கட்டளை அடைப்புக்குறி இல்லாமல் இருந்தால் அது பைத்தான் 2. மாயா 2022 முதல் பைத்தான் 3-தான் இயல்பு.

இவை எல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல. 4.0-க்கு எழுதிய நூலை வைத்துக்கொண்டு 4.2-இல் வேலை செய்ய முடியும்; அங்கங்கே இரண்டு நிமிடம் தேட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். 2.7-க்கு எழுதியதை 2.8-இல் வைத்துப் பழகினால் புதிதாக வருபவர் மூன்றாம் பக்கத்திலேயே மாட்டிக்கொள்வார்.

அப்படியானால் பழைய புத்தகமெல்லாம் எடைக்குப் போட வேண்டியதுதானா?

அவசரப்படாதீர்கள். ஒரு நூலின் எல்லா அத்தியாயங்களும் ஒரே வேகத்தில் பழசாவதில்லை. முதலில் போவது ரெண்டரிங்கும் மெட்டீரியலும். பொருளின் மேற்பரப்புத் தோற்றத்தைத் தரும் பிரின்சிபிள்டு ஷேடரின் அமைப்பையே 4.0-இல் மாற்றிவிட்டார்கள். அதற்கு முன்பு எழுதிய கண்ணாடி, தோல், உலோகப் பயிற்சிகளில் சொல்லும் பெயர்கள் பல இன்று அதே இடத்தில் இல்லை. நோட் எனும் கட்டங்களை இணைத்து வடிவங்களை உருவாக்கும் ஜியாமெட்ரி நோட்ஸ் இன்னும் மோசம். 2021 பிப்ரவரியில் 2.92-இல் வந்தது, அதே ஆண்டு டிசம்பரில் 3.0 வந்தபோது அடியோடு மாறியது. அந்த இடைவெளியில் எழுதப்பட்ட எந்த அத்தியாயமும் இப்போது படிக்க லாயக்கில்லை. அடுத்து சிமுலேஷன். மாடலிங் மெதுவாகத்தான் பழசாகிறது. முழங்கையைச் சுற்றி எத்தனை எட்ஜ் லூப் (வளையமாகச் சுற்றும் விளிம்புக்கோடு) ஓட வேண்டும் என்பது எந்தப் பதிப்பிலும் ஒன்றே.

அனிமேஷன் அத்தியாயம் பழசாவதே இல்லை என்றுகூடச் சொல்லலாம். டிஸ்னி ஸ்டுடியோவில் 1930களில் திரண்ட பன்னிரண்டு கோட்பாடுகளை முப்பரிமாணக் கணினி அனிமேஷனுக்கு எப்படிப் பொருத்துவது என்று பிக்சாரின் ஜான் லாசெட்டர் 1987-இல் சிக்ராஃப் என்ற கணினி வரைகலை மாநாட்டில் ஒரு கட்டுரை வாசித்தார். அப்போது பிளெண்டரும் இல்லை, மாயாவும் இல்லை. கட்டுரை இன்றும் அப்படியே பொருந்துகிறது.

பிளெண்டரில் இன்னொரு வசதி: பழைய பதிப்புகள் எல்லாம் அதன் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. 2.79-க்கு எழுதிய நூலை யாராவது தந்தால், அந்த 2.79-ஐயே ஜிப் கோப்பாக இறக்கி, இன்ஸ்டால் செய்யாமல் திறந்து அதில் பழகலாம். கீஃபிரேம் (ஒரு முக்கிய நிலையைப் பதிந்து வைக்கும் ஃபிரேம், சுருக்கமாகக் கீ), கிராஃப் எடிட்டர், போஸிங் கற்க அது போதும். மாயாவில் இந்தச் சலுகை கிடையாது. மாணவர் உரிமத்தில் கிடைப்பவை அண்மைப் பதிப்புகள்தான், ஆகவே மாயா நூலின் வயதைக் கறாராகப் பார்க்க வேண்டும்.

கடையில் பத்து நிமிடம்தான் புரட்ட முடியும். எந்தப் பக்கத்தைப் பார்ப்பது?

பந்து துள்ளும் பயிற்சியைத் தேடுங்கள். ஏறக்குறைய எல்லா அனிமேஷன் நூலிலும் அது இருக்கும். இல்லாவிட்டால் அதுவே ஒரு தகவல்.

அதில் கிராஃப் எடிட்டரின் படம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பந்து தரையைத் தொடும் ஃபிரேமில் உயரத்தைக் குறிக்கும் வளைவு எப்படி இருக்கிறது? பந்து மேலே போகும்போது வேகம் குறைந்து, உச்சியில் கணநேரம் தயங்கி, இறங்கும்போது வேகம் கூடி, தரையில் மோதி உடனே திரும்ப வேண்டும். ஆகவே வளைவு உச்சியில் உருண்டும், தரையில் ஆங்கில வி போலக் கூராகவும் இருக்க வேண்டும். ஆனால் மென்பொருள் தானாக அப்படிப் போடாது. பிளெண்டரிலும் மாயாவிலும் இயல்பாக வரும், கீயின் இருபுறமும் வளைவின் சாய்வைத் தீர்மானிக்கும் தானியங்கி ஹேண்டில்கள் தரையிலும் வளைவை உருட்டிவிடும். பந்து தரையை நெருங்கும்போது பஞ்சு மெத்தையில் இறங்குவதுபோல வேகம் குறையும். பிளெண்டரில் அந்தக் கீயின் ஹேண்டிலை வெக்டராக மாற்ற வேண்டும், மாயாவில் ஹேண்டிலின் பெயர் டேன்ஜென்ட், அதை உடைக்க வேண்டும்.

நூல் இதைச் சொல்கிறதா? சொன்னால், ஆசிரியர் தன் பந்தைத் தானே ஓட்டிப் பார்த்திருக்கிறார். "1-ஆம் ஃபிரேமில் கீ வையுங்கள், 12-இல் வையுங்கள், 24-இல் வையுங்கள், பிளே அழுத்துங்கள், வாழ்த்துகள்!" என்று முடித்தால், கீஃபிரேம் வைக்கத்தான் அந்த நூலில் கற்பீர்கள், அசைவு கொடுக்க அல்ல. ஒரு நிமிடத்தில் முடியும் சோதனை இது, இதில் தோற்ற நூல் பின்னால் தேறியதை நான் பார்த்ததில்லை.

நேரம் மிச்சமிருந்தால் பொருளடைவுக்குப் போங்கள், அதாவது கடைசிப் பக்கங்களில் உள்ள அகரவரிசைப் பட்டியல். கிராஃப் எடிட்டருக்கு எத்தனை பக்க எண்கள் தந்திருக்கிறார்கள்? ஒரே ஒரு எண் என்றால் அது அறிமுகப் பத்தி மட்டுமே.

ரிக்கிங் அத்தியாயத்தை எடைபோடத் தெரியவில்லை. எனக்கே ரிக்கிங் தெரியாதே!

தெரியாமலேயே எடைபோடலாம். "ஏன்" என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மாயாவில் ஸ்கின்னிங் (மாடலை எலும்புகளோடு இணைப்பது) செய்யுமுன் ஃப்ரீஸ் டிரான்ஸ்ஃபார்மேஷன்ஸ், டிலீட் ஹிஸ்டரி இரண்டும் செய்யச் சொல்வார்கள். பிளெண்டரில் ஸ்கேலை அப்ளை செய்யச் சொல்வார்கள். இதை எல்லா நூலும் சொல்லும். செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்வது சில நூல்களே. பிளெண்டரில் தானியங்கி வெயிட் கொடுக்கும்போது "போன் ஹீட் வெயிட்டிங்" தோல்வியடைந்தது என்று ஒரு செய்தி வரும். புதிதாகப் பழகுபவர் ஒவ்வொருவரும் ஒருநாள் சந்தித்தே தீரும் செய்தி அது. ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும் வெர்ட்டெக்ஸ்கள் (மாடலின் முனைப்புள்ளிகள்), உள்ளே மறைந்திருக்கும் முகங்கள், மிகச் சிறிய அளவில் செய்த மாடல் என்று அதற்குச் சில வழக்கமான காரணங்கள் உண்டு. அந்தச் செய்தியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் நூல் மாணவர்களோடு உட்கார்ந்து எழுதப்பட்டது.

இரண்டாவதாக, முழங்கை, முழங்கால் மூட்டுகளைச் சற்றே மடக்கி வைக்கச் சொல்கிறதா, ஏன் என்கிறதா? நேர்கோட்டில் வைத்தால் எந்தப் பக்கம் மடக்குவது என்று ஐகே தீர்வுக்கு (கை, கால் நுனியை நகர்த்தினால் மற்ற மூட்டுகளைத் தானே மடக்கும் முறை) தெரியாது. முழங்கால் தப்பான பக்கமாக மடங்கிக்கொள்ளும்.

மூன்றாவது, சுழற்சி. பிளெண்டரில் சாதாரணப் பொருள்கள் மூன்று கோணங்கள் கொண்ட ஆய்லர் முறையிலும், போஸ் செய்யும் போன்கள் நான்கு எண்கள் கொண்ட குவாட்டர்னியன் முறையிலும் சுழல்வதுதான் இயல்பு அமைப்பு. அதனால்தான் கிராஃப் எடிட்டரில் போன் ஒன்றுக்குச் சுழற்சி வளைவு மூன்றுக்குப் பதில் நான்கு தெரிகிறது. முதல்முறை பார்ப்பவர் எதையோ கெடுத்துவிட்டோம் என்று பயந்துபோவார். கிம்பல் லாக் (இரண்டு அச்சுகள் ஒன்றாகிச் சுழற்சி சிக்கிக்கொள்வது) என்றால் என்ன, மணிக்கட்டுக்கு எந்தச் சுழற்சி வரிசையைத் தேர்ந்தெடுப்பது என்று இரண்டு பக்கமாவது எழுதியிருந்தால் அந்த ஆசிரியரை நம்பலாம்.

கறுப்பு வெள்ளைப் பதிப்பு பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

எந்த மென்பொருள் என்பதைப் பொறுத்தது. பிளெண்டர் நிறத்தை வைத்தே பேசும் மென்பொருள். நோட் இணைப்புப் புள்ளிகளில் மஞ்சள் என்றால் நிறம், சாம்பல் என்றால் எண், ஊதா என்றால் வெக்டர், பச்சை என்றால் ஷேடர். வெயிட் பெயிண்டில் நீலம் பூஜ்ஜியம், சிவப்பு ஒன்று. கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் நீலமும் சிவப்பும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகிவிடும். அந்தப் படம் இருந்தும் இல்லாததுதான்.

மாயாவில் பெயிண்ட் ஸ்கின் வெயிட்ஸ் இயல்பாகவே கறுப்பு வெள்ளையில்தான் காட்டும், வெள்ளை முழு எடை, கறுப்பு பூஜ்ஜியம். அங்கே மலிவுப் பதிப்பால் நஷ்டம் குறைவு. ஆனால் எக்ஸ் சிவப்பு, ஒய் பச்சை, இசட் நீலம் என்ற அச்சு நிறங்கள் இரண்டு மென்பொருளின் கிராஃப் எடிட்டருக்கும் பொது. வளைவுகளுக்குப் பக்கத்தில் எழுத்தால் பெயர் போட்டிருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கறுப்பு வெள்ளை மின்மைத் திரையில் (இ-இங்க்) படிக்கும் கருவிக்கும் இதே எச்சரிக்கை. வண்ணத் திரையுள்ள டேப்லெட்டில் பிடிஎஃப் ஆகப் படிப்பது மேல்.

ஆயிரம் பக்கத்தில் எல்லாம் அடங்கிய நூல் ஒன்று, முந்நூறு பக்கத்தில் கதாபாத்திர அனிமேஷன் மட்டும் ஒன்று. எது?

மெலிந்தது. தடித்த நூலில் மாடலிங், டெக்ஸ்ச்சர், முடி, துணி, புகை எல்லாம் போக அனிமேஷனுக்கு ஐம்பது பக்கம் மிஞ்சினால் பெரிது.

ஒவ்வொரு படியும் சொன்னபடி செய்தேன், புத்தகத்தில் உள்ள ரோபோ அப்படியே வந்துவிட்டது. ஆனால் நானாக ஒன்று செய்ய வரவில்லை. குறை யாரிடம்?

பெரும்பாலும் புத்தகத்திடம். "எக்ஸ் மதிப்பை 0.35 ஆக்குங்கள், எஸ் அழுத்துங்கள், 1.2 என்று டைப் செய்யுங்கள்" என்று போகும் நூல்கள் உங்கள் விரல்களுக்குப் பாடம் எடுக்கின்றன. ரோபோ வந்தது ஆசிரியரின் எண்களால். அந்த எண் எங்கிருந்து வந்தது, 0.5 வைத்திருந்தால் என்ன கெட்டிருக்கும் என்று எங்கும் சொல்லியிருக்க மாட்டார்.

வாங்குமுன் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி. ஏதாவது ஒரு பயிற்சியில் வரிசையாகப் பத்து படிகளைப் படியுங்கள். அவற்றில் எத்தனை "ஏனென்றால்", "இல்லாவிட்டால்", "உங்கள் மாடலுக்கு ஏற்ப" என்ற மாதிரிச் சொற்களோடு வருகின்றன? இரண்டு மூன்று இருந்தாலும் போதும். அத்தியாய முடிவில் அதே உத்தியை வேறு பொருளில் செய்யச் சொல்லும் பயிற்சி இருந்தால் இன்னும் நல்லது. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? ரோபோவுக்குப் பதில் உங்கள் வீட்டு மேஜை விளக்கைச் செய்து, அதே படிகளை எண்களை மட்டும் நீங்களே கண்டுபிடித்து ஓட்டிப் பாருங்கள். எங்கே சிக்குகிறீர்களோ அங்கே புத்தகம் விளக்காமல் விட்டிருக்கிறது.

பயிற்சிக் கோப்புகள் எவ்வளவு முக்கியம்?

ரிக்கிங், அனிமேஷன் நூல்களுக்கு மிக முக்கியம். அனிமேஷன் கற்க வந்தவரிடம் முதலில் ஒரு பாத்திரத்தை மாடல் செய்து, ரிக் செய்து கொண்டுவா என்றால் அவர் பாதியிலேயே ஓடிவிடுவார். தயாரான ரிக் ஒன்று நூலோடு வர வேண்டும். வாங்குமுன் பதிப்பகத்தின் தளத்துக்குப் போய் இறக்கும் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். பின்னட்டையில் டிவிடி ஒட்டிய பழைய நூல்களில் வட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் லேப்டாப்பில் டிவிடி டிரைவ் இருக்கிறதா என்பது வேறு கதை.

கோப்பின் பதிப்பும் கவனிக்கத்தக்கது. பழைய பிளெண்ட் கோப்பைப் புதிய பிளெண்டர் திறக்கும், ஆனால் 2.7 காலத்துப் பழைய ரெண்டர் எஞ்சினுக்குச் செய்த மெட்டீரியல்கள் ஒழுங்காக வராது. புதிய மாயாவில் சேமித்ததைப் பழைய மாயாவில் திறக்க "இக்னோர் வெர்ஷன்" என்ற தேர்வு உண்டு, பலன் உத்தரவாதமில்லை. நல்ல நூல்கள் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கோப்பு தரும்: தொடக்கம், நடு, முடிவு. முடிவுக் கோப்பு மட்டும் இருந்தால், நீங்கள் எந்தப் படியில் தவறினீர்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை.

இணையக் கடையில் ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறார்களே?

"நல்ல தாள், விரைவில் வந்தது" என்பதற்கும் ஐந்து நட்சத்திரம் உண்டு. மூன்று நட்சத்திர விமர்சனங்களைப் படியுங்கள். "ஆறாம் அத்தியாயத்தில் வெயிட் கொடுக்கும் இடம் வேலை செய்யவில்லை" என்கிற மாதிரிப் பயனுள்ள குறைகள் அங்கேதான் இருக்கும். பிழைத்திருத்தப் பட்டியல் ஒன்றைப் பதிப்பகம் வெளியிட்டிருந்தால் அதைக் குறையாக எண்ண வேண்டாம். யாரோ படித்திருக்கிறார்கள், ஆசிரியர் பதில் சொல்லியிருக்கிறார் என்றே அதற்குப் பொருள்.

இப்போது ஒரு புதுத் தொல்லை. எழுதும் இயந்திரத்திடம் (செயற்கை நுண்ணறிவு) கொடுத்து உருட்டிய நூல்கள், வாங்கினால் மட்டும் அச்சாகும் முறையில், மென்பொருளின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒன்றாக முளைக்கின்றன. ஒரே ஆசிரியர் பெயரில் பிளெண்டர், வரிக் கணக்கு, தோட்டக்கலை எல்லாம் இருக்கும். உள்ளே ஸ்கிரீன்ஷாட் இருக்காது. "இந்த மென்பொருள் பல சக்திவாய்ந்த கருவிகளை வழங்குகிறது" என்று வாக்கியங்கள் வழுக்கிக்கொண்டே போகும். மாதிரிப் பக்கங்களில் ஒரு படம்கூட இல்லாத அனிமேஷன் நூலை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். வாங்காமலே புரட்ட வேண்டுமென்றால், சென்னையில் இருப்பவர்கள் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் கணினி நூல்கள் உள்ள அடுக்குகளை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்.

தமிழில் உள்ள நூலா, ஆங்கில நூலா?

ஆங்கிலம் தடுமாறும் என்றால் தமிழ் நூலில் தொடங்குவதில் தவறே இல்லை. ஒன்றை மட்டும் பாருங்கள். மெனு, பொத்தான் பெயர்கள் திரையில் எப்படி இருக்கின்றனவோ அப்படியே ஆங்கிலத்தில் அச்சாகியிருக்க வேண்டும், விளக்கம் தமிழில் இருக்க வேண்டும். பெயரையும் மொழிபெயர்த்துவிட்டால் திரையில் எதைத் தேடுவது? மற்றபடி மேலே சொன்ன பந்துச் சோதனை தமிழ் நூலுக்கும் உண்டு, சலுகை கிடையாது.

என்னிடம் சிறிய லேப்டாப்தான். அதற்கேற்ற நூல் உண்டா?

பிளெண்டர் நூலின் முதல் அத்தியாயத்தைப் பாருங்கள். முன்பார்வை, பக்கப்பார்வை, மேல்பார்வைக்கு நம்பர் பேடில் 1, 3, 7 அழுத்தச் சொல்வார்கள். சின்ன லேப்டாப்பில் நம்பர் பேடே இருக்காது. பிரிஃபரன்ஸஸில் நம்பர் பேடுக்கு மாற்று வழியும், நடு மவுஸ் பொத்தானுக்கு மாற்று வழியும் உண்டு. ஆசிரியர் அதை முதல் சில பக்கங்களில் சொல்லியிருந்தால் உங்களை மாதிரி வாசகரை நினைத்து எழுதியிருக்கிறார். பெரிய திரவ சிமுலேஷன், காடு நிறைந்த காட்சி என்று பயிற்சிகள் போனால் எட்டு ஜிபி நினைவகம் திணறும். கதாபாத்திர அனிமேஷனுக்கு அந்தக் கவலை அதிகம் இல்லை.

பிளெண்டரின் அதிகாரபூர்வக் கையேடு இலவசம்தானே, அது போதாதா?

ஒரு பொத்தான் என்ன செய்யும் என்று அறிய அதைவிடச் சரியான இடம் கிடையாது, பதிப்புக்குப் பதிப்பு தனித்தனியாகவும் கிடைக்கிறது. எப்போது அந்தப் பொத்தானை நாட வேண்டும் என்பதை அது சொல்லாது, சொல்வது அதன் வேலையும் அல்ல. நூலைப் படிக்கும்போது பக்கத்தில் கையேட்டையும் திறந்து வைத்திருங்கள். நூல் சொன்ன இடத்தில் பொத்தான் இல்லையென்றால் கையேட்டில் பெயரைத் தேடினால் புது முகவரி கிடைத்துவிடும்.

ஹூடினிக்கும் இதெல்லாம் பொருந்துமா?

ஓரளவு. ஹூடினி இன்னொரு முப்பரிமாண மென்பொருள், அதற்கு நூல்களே குறைவு. அதைத் தயாரிக்கும் சைட்எஃப்எக்ஸ் நிறுவனத்தின் உதவிப் பக்கங்களில் பல நோட்களுக்கு இயங்கும் எடுத்துக்காட்டுக் கோப்புகள் இருக்கின்றன. இலவச அப்ரெண்டிஸ் பதிப்பை இறக்கி அவற்றைத் திறந்து, ஒவ்வொரு நோடாக அணைத்து அணைத்துப் பாருங்கள். புத்தகத்துக்கு வைத்த பணத்தை ரேமுக்குக் கொடுங்கள்.